சமையலறைக் கழிவுக்கு எந்தத் தொட்டி? முதலில் சருகையும் மண்ணையும் பாருங்கள்

"வீட்டுக் கழிவை நானே உரமாக்கலாம் என்று இருக்கிறேன். எந்தத் தொட்டி வாங்கட்டும்?" இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் நான்கைந்து வகைகளைப் பார்த்துக் குழம்பிப்போனவர்கள். ஒருவர் மண்புழு என்பார், இன்னொருவர் மூடிய வாளியில் கழிவைப் புளிக்கவைக்கும் போகாஷி என்பார், மூன்றாமவர் பொத்தானை அழுத்தினால் போதும் என்று ஒரு மின்கருவியைக் காட்டுவார். மூவரும் தங்கள் வீட்டில் நன்றாக நடப்பதைத்தான் சொல்கிறார்கள். உங்கள் வீட்டில் அது நடக்குமா என்பதுதான் பார்க்க வேண்டியது.

நான் பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்பேன். காய்ந்த இலையோ மரத்தூளோ உங்களுக்குத் தொடர்ந்து கிடைக்குமா? உரம் ஆனபின் அதைப் போட மண் இருக்கிறதா? தொட்டியின் அளவு, அடுக்கு, மூடி எல்லாம் இதற்குப் பிறகுதான். நானே வெவ்வேறு முறைகளைச் செய்து பார்த்திருக்கிறேன், தெரிந்தவர் வீடுகளில் பாதியில் நின்றுபோன தொட்டிகளையும் பார்த்திருக்கிறேன். நின்றுபோனவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டு முனைகளில் ஒன்றில்தான் நின்றன. சருகு தீர்ந்து நாற்றம் எடுத்தது, இல்லையென்றால் உரம் ஆகி, போட இடமில்லாமல் தங்கிவிட்டது.

## இந்த வேலை எதற்கு

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் உலகம் முழுவதும் வீணான உணவு ஏறக்குறைய 105 கோடி டன். அதில் சுமார் 60 சதவீதம் வீடுகளிலிருந்து வந்தது. ஆளுக்கு ஆண்டுக்கு 79 கிலோ. தோல், எலும்பு போன்ற சாப்பிட முடியாத பகுதிகளும் இந்தக் கணக்கில் அடங்கும். நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு அது நாளொன்றுக்கு முக்கால் கிலோவுக்கும் சற்று மேலே வருகிறது.

இந்தக் கழிவு குப்பை மேட்டில் மற்றதோடு சேர்ந்து புதையும்போது காற்று கிடைக்காமல் அழுகி மீத்தேன் ஆகிறது. மீத்தேன் 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 80 மடங்கு. அதே தோல் காற்றோட்டமாக மட்கினால் வெளியேறுவது பெரும்பாலும் கரியமில வாயுவும் நீராவியும்தான். அந்தக் கரிமம் (கார்பன்) செடி சில மாதங்களுக்கு முன் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சாப்பிடக்கூடிய உணவைத் தொட்டியில் போட்டு நல்ல உரம் எடுப்பதைவிட, அதைச் சாப்பிட்டு முடிப்பது எப்போதும் மேல். விளைவித்த நீரும் கொண்டுவந்த எரிபொருளும் உரத்தில் திரும்பி வராது. அதனால் கீழே பேசப்போவது தோல், காம்பு, வடிகட்டிய சக்கை, தவிர்க்க முடியாமல் மிஞ்சியது ஆகியவற்றைப் பற்றித்தான்.

## எதை வைத்து முடிவெடுப்பது

அளவு. ஒரு வாரம் ஒரு வாளியில் சேர்த்துத் தினமும் எடை பாருங்கள். வேறு எதையும் வாங்க வேண்டாம். 200 கிராம் வருகிற வீட்டுக்கும் ஒன்றரைக் கிலோ வருகிற வீட்டுக்கும் ஒரே பதில் கிடையாது.

என்ன விழுகிறது. பச்சைத் தோலும் காம்பும் மட்டுமா, சமைத்த மிச்சம், எண்ணெய்ப் பிசுக்கு, இறைச்சி, மீன் எல்லாமுமா? இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வழிகள் அடைபட்டுவிடும்.

சருகு. ஈரக் கழிவில் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம், தண்ணீர் அதைவிட அதிகம். நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்ய கரிமமும் தழைச்சத்தும் 25 முதல் 30க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். சமையலறைக் கழிவு மட்டும் என்றால் அது 20க்குக் கீழேயே நின்றுவிடும். காய்ந்த இலை 50க்கு மேல், மரத்தூள் பல நூறு. அதனால்தான் சருகு இவ்வளவு முக்கியம். அது ஈரத்தையும் உறிஞ்சுகிறது, காற்றுக்கும் வழிவிடுகிறது.

மண். தொட்டிச் செடியோ தோட்டமோ பக்கத்தில் மரத்தடியோ, ஏதாவது ஒன்று.

வெப்பமும் இடமும். நிழல் இருக்கிறதா, மழை அடிக்குமா, வீட்டுக்குள்ளேதான் வைக்க வேண்டுமா?

ஆள். வாரத்தில் எத்தனை நாள் யார் கிளறுவது? ஒரு மாதம் வெளியூர் போனால் என்ன ஆகும்? வீட்டில் ஒருவருக்கு மட்டும் ஆர்வம் இருந்து மற்றவர்களுக்குப் பிடிக்காவிட்டால், நாற்றமும் புழுவும் வருகிற முதல் வாரத்திலேயே சண்டை வரும். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

## 1. சருகுத் தொட்டி

துளை போட்ட வாளி, மண் தொட்டி, அடுக்குத் தொட்டி, முற்றத்தில் கம்பி வலைக் கூடை என்று எந்த உருவத்தில் இருந்தாலும் வேலை ஒன்றுதான். ஒரு அடுக்கு ஈரக் கழிவு, மேலே ஒரு அடுக்கு சருகு, காற்று. ஒரு கிண்ணம் ஈரக் கழிவுக்கு நொறுக்கிய சருகு ஒரு கிண்ணம், நொறுக்காததென்றால் இரண்டு கிண்ணம் என்று தொடங்கலாம். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் குறைவு.

இதன் பெரிய பலம், தவறு செய்தால் தொட்டியே சொல்லிவிடும் என்பது. அழுகிய முட்டை நாற்றம் என்றால் காற்று போகவில்லை: கிளறிச் சருகு போடுங்கள். கண்ணைக் கரிக்கிற அம்மோனியா வாசனை என்றால் தழைச்சத்து அதிகம்: அதற்கும் சருகுதான். ஒன்றுமே நடக்காமல் அப்படியே கிடந்தால் ஈரம் போதவில்லை. சரியாக நடக்கிறபோது தொட்டியைத் திறந்தால் முதல் மழைக்குப் பிறகு மண்ணில் எழும் வாசனை வரும். அது ஆக்டினோமைசீட் வகை நுண்ணுயிர்கள் விடும் ஜியோஸ்மின் என்ற பொருளின் வாசனை. முதன்முறை அதை என் தொட்டியில் முகர்ந்த நாளில் இந்த வேலையின் மீது எனக்கு வந்த நம்பிக்கை இன்றுவரை போகவில்லை.

கழிவைச் சிறிதாக நறுக்கிப் போட்டு வாரம் ஒன்றிரண்டு முறை கிளறினால், வெப்பமான இடங்களில் இரண்டு மூன்று மாதத்தில் உரமாகும். அதன் பிறகு ஒரு மாதம் ஆறவிடுவது நல்லது. குளிரான இடங்களில் இதைவிட நெடுநாள் பிடிக்கும்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. முதலாவது சருகைச் சேமிக்கும் இடம். இலை உதிர்வது ஆண்டில் சில வாரங்கள்தான், கழிவு வருவதோ 365 நாளும். இரண்டு பெரிய சாக்கு நிறைய இலையை நனையாமல் வைக்க இடமில்லையென்றால் நார்த்தூளோ மரத்தூளோ காசு கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அச்சு அதிகமில்லாத அட்டைப் பெட்டியைக் கிழித்துப் போட்டும் ஒப்பேற்றலாம், இலையோடு கலந்தால் இன்னும் நன்றாக இருக்கும். இரண்டாவது செலவு, சிறு தொட்டியில் சூடு ஏறாது என்பது. நோய்க்கிருமியும் களை விதையும் சாக வேண்டுமென்றால் குவியல் 55 டிகிரி செல்சியஸை எட்டி அங்கே சில நாள் நிற்க வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டர் அளவுக்கு இருக்கிற குவியல்தான் அந்தச் சூட்டைப் பிடித்துவைக்கும். வாளித் தொட்டி அறை வெப்பத்தைவிடச் சற்றுத்தான் மேலே போகும். அதனால் இறைச்சி, மீன், செல்லப் பிராணிகளின் மலம் ஆகியவற்றை இதில் போடாதீர்கள். நோய் பிடித்த செடியும் வேண்டாம். உரத்திலிருந்து தக்காளிச் செடி முளைத்தால் அது குறையல்ல, தொட்டி சூடாகவில்லை என்பதற்கான அடையாளம்.

புழு வரும். பெரும்பாலும் அது கறுப்புப் படைவீரர் ஈயின் புழுவாக இருக்கும். பார்க்க அருவருப்பாக, தடித்து, பழுப்பாக நெளியும். ஆனால் கழிவை வேகமாகத் தின்று குறைப்பதும் அதுதான். வளர்ந்த ஈ கடிக்காது, வீட்டு ஈயைப் போல உணவில் வந்து மொய்க்காது. பார்க்கப் பிடிக்காவிட்டால் மேலே சருகைத் தடிமனாகப் போட்டு மூடுங்கள், குறையும். மருந்து அடிக்காதீர்கள்.

'மட்கும்' என்று அச்சிட்ட பைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் பல, 58 டிகிரி அளவிலான வெப்பமுள்ள ஆலைச் சூழலில் சோதிக்கப்பட்டவை. வீட்டுத் தொட்டியில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். பழத்தின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரையும், நெகிழி இழை கலந்த தேநீர்ப் பைகளையும் பிரித்தெடுத்துவிடுங்கள்.

யாருக்கு: சருகு கிடைக்கிற, செடி வளர்க்கிற, பெரும்பாலும் பச்சைக் கழிவு வருகிற வீடு. ஒரு மாதம் வெளியூர் போனாலும் தொட்டி கோபித்துக்கொள்ளாது. திரும்பி வந்து கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கிளறினால் போதும்.

## 2. மண்புழுத் தொட்டி

உரத்தின் தரத்தை மட்டும் பார்த்தால் எனக்கு இதுதான் பிடித்தது. பொலபொலவென்று, கருப்பாக, வாசனையே இல்லாமல் வரும். விதை முளைக்கும் கலவையில் கொஞ்சம் சேர்த்தாலே நாற்றில் வித்தியாசம் தெரியும். ஆனால் நீங்கள் வைத்திருப்பது தொட்டியல்ல, உயிர்கள். செல்லப் பிராணிக்குத் தருகிற கவனம் வேண்டும்.

தோட்டத்தில் தோண்டி எடுக்கும் புழு இதற்கு உதவாது. அது ஆழத்தில் வளை தோண்டி வாழ்வது. மேல்மட்டத்தில் அழுகும் இலைதழையைத் தின்று வாழும் ஐசீனியா ஃபெட்டிடா, யூட்ரிலஸ் யூஜீனியே போன்ற இனங்கள்தான் வேண்டும். ஐசீனியாவுக்கு 15 முதல் 25 டிகிரி வசதி. யூட்ரிலஸ் வெப்பத்தை அதைவிட நன்றாகத் தாங்கும், குளிரைத் தாங்காது. ஒரு கிலோ புழு, நன்றாகப் பழகிய தொட்டியில், நாளுக்கு அரைக் கிலோ வரை தின்னும். புதிதாகத் தொடங்குகிறவர் அந்த அளவைக் கொட்டக்கூடாது. முதல் சில வாரம் ஒரு கைப்பிடி போடுவது, அது தீர்ந்தபின் அடுத்தது.

புழுக்கள் தோலால் மூச்சுவிடுகின்றன. அவை வாழும் சருகுப் படுக்கை காய்ந்தாலும் தண்ணீர் தேங்கினாலும் மூச்சு முட்டிப்போகும். எலுமிச்சை வகைத் தோல், வெங்காயம், பூண்டு, உப்பும் எண்ணெயும் சேர்ந்த சமைத்த மிச்சம் எல்லாம் ஆகாது. இந்தப் பட்டியலைப் பார்த்தீர்களா? பல வீடுகளில் தினமும் விழும் கழிவில் பாதி இதுதான். அதனால் மண்புழு வைத்தாலும் அந்தப் பாதிக்கு வேறு வழி தேட வேண்டும். இந்த முறையின் உண்மையான மறைமுகச் செலவு அதுதான்.

ஒரு கோடையில் என் தொட்டி முழுவதும் செத்துப்போனது. நிழலில்தான் வைத்திருந்தேன். ஆனால் பிற்பகல் வெயில் சாய்ந்து ஒரு மணிநேரம் அதன் மேல் விழுந்ததை நான் கவனிக்கவில்லை. தொட்டி கருப்பு நெகிழி வேறு. திறந்தபோது வந்த நாற்றத்தைவிட, என் கவனக்குறைவால் அத்தனை உயிர் போனதுதான் என்னை வாட்டியது. அதன் பிறகு, வைக்கும் இடத்தில் காலை முதல் மாலை வரை ஒரு நாள் முழுவதும் வெயில் எப்படி நகர்கிறது என்று பார்க்காமல் யாரையும் மண்புழு வாங்கச் சொல்வதில்லை.

புழு பெருகிவிட்டது என்று காட்டிலோ ஓடைக்கரையிலோ விடாதீர்கள். வட அமெரிக்காவின் வடபகுதிக் காடுகள் பனியுகத்துக்குப் பிறகு மண்புழுவே இல்லாமல் வளர்ந்தவை. வெளியிலிருந்து வந்த புழுக்கள் அங்கே தரையில் கிடக்கும் இலைப்படுகையைத் தின்று தீர்த்து, அதை நம்பி வாழும் செடிகளை அழிக்கின்றன. வளர்க்க விரும்பும் இன்னொருவருக்குக் கொடுங்கள்.

யாருக்கு: சிறிய வீடு, நிலையான நிழல், நாளுக்குக் கால் முதல் அரைக் கிலோ பச்சைக் கழிவு, அடிக்கடி வெளியூர் போகாதவர். குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கு இதைப் போல ஒரு பாடம் வேறில்லை.

## 3. போகாஷி வாளி

ஜப்பானிலிருந்து வந்த முறை. ஒகினாவாவில் ரியூக்யூ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தெருவோ ஹிகா 1980களில் பரப்பிய நுண்ணுயிர்க் கலவைதான் இன்று விற்கும் பல போகாஷித் தவிடுகளின் மூலம். காற்றுப் புகாத வாளியில் கழிவைப் போட்டு, மேலே இந்தத் தவிட்டைத் தூவி, அமுக்கி மூடுவது. வாளி நிறைந்ததும் இரண்டு வாரம் திறக்காமல் வைப்பது. லாக்டிக் அமில பாக்டீரியா கழிவைப் புளிக்கவைக்கிறது. அழுகல் நாற்றம் வராது, ஊறுகாய் போன்ற புளிப்பு வாசனை வரும். வெள்ளைப் பூஞ்சை வந்தால் நல்லது. பச்சையோ கருப்போ வந்தால் காற்றுப் புகுந்துவிட்டது.

சமைத்த மிச்சம், எலுமிச்சைத் தோல், கொஞ்சம் இறைச்சி, மீன் எல்லாம் இது ஏற்கும். சருகு வேண்டாம், ஈ வராது, வீட்டுக்குள்ளேயே வைக்கலாம். இதுவரை கேட்டதும் பலர் முடிவெடுத்துவிடுகிறார்கள். அடுத்த பகுதி அவர்கள் காதில் விழுவதில்லை: வாளியிலிருந்து வருவது உரமல்ல, புளித்த கழிவு. எடையும் பெரிதாகக் குறைந்திருக்காது. அதை மண்ணில் புதைத்து இன்னும் இரண்டு முதல் நான்கு வாரம் விட வேண்டும். புதைத்த உடனே அதன் மேல் செடி வைத்தால் அமிலம் வேரைக் கருக்கும். ஆக, சருகிலிருந்து விடுதலை கிடைக்கிறது, மண்ணின் தேவை கூடுகிறது.

தோட்டமில்லாதவர் ஒரு பெரிய தொட்டியில் பழைய மண்ணை வைத்து, புளித்த கழிவை அதில் கலந்து மூடிவைக்கலாம். ஒரு மாதத்தில் கழிவு மண்ணோடு கரைந்துவிடும். அதே மண்ணைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், என்றாலும் அதன் அளவு கூடிக்கொண்டே போகும்.

இரண்டு வாளி வேண்டும், ஒன்று புளிக்கும்போது இன்னொன்று நிறைய. தவிடு மாதா மாதம் தீரும். வாங்கினால் அது நிரந்தரச் செலவு, வீட்டிலேயே செய்துகொள்ளப் பழகினால் குறையும். அடியில் சேரும் வடிநீரை இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை குழாய் வழியாக எடுக்காவிட்டால் நாறும். செடிக்கு ஊற்றுவதானால் குறைந்தது 100 மடங்கு தண்ணீர் கலக்க வேண்டும்.

யாருக்கு: சமைத்த மிச்சம் அதிகம் விழும் வீடு, சருகு கிடைக்காத இடம், ஆனால் தோண்ட மண் உள்ளவர்.

## 4. மின்கருவி

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். சமையலறை மேடையில் வைக்கும் சிறு கருவிகளில் பெரும்பாலானவை கழிவைச் சூடாக்கி உலர்த்தி அரைக்கின்றன. சில மணிநேரத்தில் பொடி வரும், பருமன் பத்தில் ஒரு பங்கு அல்லது இரண்டு பங்குக்கு இறங்கும். ஆனால் அந்தப் பொடி உலர்ந்த உணவு, மட்கிய உரமல்ல. செடித் தொட்டியில் தூவித் தண்ணீர் ஊற்றினால் ஊறிப் பூஞ்சை பிடிக்கும். நுண்ணுயிர்களை வைத்து மெதுவாக, பல நாளாக வேலை செய்யும் கருவிகளும் உண்டு. வாங்குமுன் எந்த வகை என்று கேளுங்கள். சில மணிநேரத்தில் முடிகிறதென்றால் அது உலர்த்தும் வகை.

ஒரு சுற்றுக்கு அரை முதல் ஒரு யூனிட் மின்சாரம். தினமும் ஓட்டினால் ஆண்டுக்கு 180 முதல் 365 யூனிட். கரி வடிகட்டியைச் சில மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எளிய வாழ்க்கை வேண்டும் என்று தொடங்கியவருக்கு இன்னொரு மோட்டார், இன்னொரு உதிரிபாகம், ஒருநாள் இன்னொரு மின்கழிவு. தண்ணீரை ஆவியாக்க மின்சாரம் செலவழிக்கிறோம், சருகு அதே வேலையைச் சும்மா செய்கிறது.

இருந்தாலும் இதை முற்றாகத் தள்ளமாட்டேன். கிளறவோ குனியவோ முடியாத முதியவர், உடல் இயலாமை உள்ளவர், பால்கனிகூட இல்லாத ஒற்றை அறை, கழிவுச் சேகரிப்பு வாரம் ஒருமுறைதான் என்கிற இடம். இவர்களுக்கு உலர்ந்த பொடியை நாற்றமில்லாமல் சேர்த்துவைத்து, தோட்டம் வைத்திருப்பவரிடம் கொடுப்பது நியாயமான வழி.

## 5. பிரித்துக் கொடுத்துவிடுவது

இதைத் தோல்வி போல நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தென்கொரியா 2005இல் உணவுக் கழிவைக் குப்பை மேட்டில் புதைப்பதைத் தடைசெய்தது. 2013 முதல் வீடுகளிடம் எடைக்கேற்பக் கட்டணம் வாங்கும் முறையும் பரவலானது. பிரான்சில் 2024 ஜனவரி முதல் மட்கும் கழிவைத் தனியே பிரிக்க எல்லோருக்கும் வழிசெய்ய வேண்டும் என்பது சட்டம். பெரிய நிலையங்களில் குவியல் 55 டிகிரியைத் தாண்டும், அதனால் வீட்டில் ஆகாத எலும்பும் இறைச்சியும் அங்கே மட்கும். சில இடங்களில் கழிவை மூடிய கலனில் காற்றில்லாமல் அழுகவிட்டு, வருகிற மீத்தேனையே எரிவாயுவாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

கேட்க வேண்டியது ஒன்றே: வாங்கிப் போகிற வண்டி அதை உண்மையில் எங்கே கொண்டுபோகிறது? பிரித்துக் கொடுத்ததை மற்றதோடு சேர்த்துக் கொட்டுகிறார்கள் என்றால் இந்த வழி உங்களுக்கு இல்லை. சேகரிப்பு நன்றாக இருக்குமிடத்தில் உங்கள் வேலை நெகிழி கலக்காமல் கொடுப்பது மட்டும்தான். ஒரு சிறு பிளாஸ்டிக் உறைகூடத் துண்டு துண்டாகி யாரோ ஒருவர் வயலுக்குப் போய்ச் சேரும்.

யாருக்கு: நம்பகமான சேகரிப்பு உள்ள ஊர், அல்லது பக்கத்தில் சமுதாயத் தோட்டம் உள்ளவர். சருகும் மண்ணும் இல்லாதவர் என்றால் கட்டாயம் இதுதான்.

## ஒரே பார்வையில்

| | சருகு வேண்டுமா | மண் வேண்டுமா | சமைத்த மிச்சம் | வேலை | தொடர் செலவு |
|---|---|---|---|---|---|
| சருகுத் தொட்டி | நிறைய | ஆம் | மிகக் கொஞ்சம் | வாரம் 1–2 முறை கிளறல் | சருகு வாங்கினால் மட்டும் |
| மண்புழு | படுக்கைக்கு மட்டும் | கொஞ்சம் போதும் | கூடாது | தினமும் ஒரு பார்வை | ஏறக்குறைய இல்லை |
| போகாஷி | வேண்டாம் | கட்டாயம் | ஆகும் | வடிநீர் எடுத்தல், புதைத்தல் | தவிடு |
| மின்கருவி | வேண்டாம் | பொடியை மட்கவைக்க வேண்டும் | ஆகும் | மிகக் குறைவு | மின்சாரம், வடிகட்டி |
| பிரித்துக் கொடுத்தல் | வேண்டாம் | வேண்டாம் | நிலையத்தைப் பொறுத்தது | பிரிப்பது மட்டும் | ஊரைப் பொறுத்தது |

## இரண்டைச் சேர்த்தால்

ஒரே முறை எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. என் வீட்டில் பச்சைக் கழிவு சருகுத் தொட்டிக்கும் சமைத்த மிச்சம் போகாஷி வாளிக்கும் போகிறது. புளித்ததைப் புதைக்க மண் போதாத மாதங்களில் சருகுத் தொட்டியின் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துவிடுகிறேன், நிறையச் சருகோடு. எலும்பைச் சேகரிப்புக்குக் கொடுத்துவிடுகிறேன். மண்புழுத் தொட்டியை மறுபடி தொடங்கி இரண்டு ஆண்டாகிறது, இப்போது வடக்குச் சுவர் ஓரம் இருக்கிறது.

இன்னமும் முடிவெடுக்க முடியவில்லை என்றால், தொட்டி வாங்குவதைத் தள்ளிப்போட்டுவிட்டு முதலில் ஒரு சாக்கு சருகு சேர்த்துப் பாருங்கள். நடந்து போகும் தூரத்துக்குள் இரண்டு வாரத்தில் சாக்கு நிறைந்துவிட்டதா? அப்படியானால் ஒரு பழைய வாளியின் பக்கங்களிலும் அடியிலும் ஆணியைச் சூடாக்கித் துளை போட்டு, அடியில் ஒரு தட்டு வைத்து, அன்றைக்கே தொடங்கலாம். சாக்கு நிறையவில்லையென்றால் போகாஷிக்கு மண் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் உங்கள் கழிவை வாங்கிக்கொள்ளக்கூடிய தோட்டக்காரர் யார் என்று விசாரித்துவையுங்கள்.